மூன்றாவது தடவை கேட்கிற இயந்திரம்

“…அதனால எனக்கு எந்த ஷிப்டா இருந்தாலும் சரிதாண்ணே, மத்தவுகளுக்கெல்லாம் போட்டுட்டு மிச்சமிருக்கறதப் போடச் சொல்லுங்க” என்றாள் மலர், கையில் செல்போனுடன், ஆஸ்பத்திரி கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து. திரையில் அடுத்த மாதத்துக்கான கேள்வி நின்றுகொண்டிருந்தது: உங்களுக்கு எந்த வேளை வேலை வேண்டும்? காலை, மாலை, இரவு என்று மூன்று பொத்தான்கள். நான்காவது, ‘எகால்’. எதுவானாலும் எனக்கு ஒன்றுதான் என்பதற்கு ஜெர்மன்காரர்கள் வைத்திருக்கும் சொல். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே எகால் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு நிஜமாகவே எகால்தான். வந்த புதிதில் ஒரு வீட்டில் கேக் வேண்டுமா என்று கேட்டார்கள். பசியோடு போயிருந்த நான் மரியாதைக்கு வேண்டாம் என்றேன். தட்டு அப்படியே உள்ளே போய்விட்டது. யாரும் என்னை அவமதிக்கவில்லை. என் பேச்சை நம்பினார்கள், அவ்வளவுதான். நம்மை இவ்வளவு முழுசாக நம்புகிற ஊரில் பட்டினி கிடப்பது சுலபம்.

நான் காரைக்குடிக்காரன். எல்பே ஆற்றங்கரையில் இருக்கிற இந்த ஊரில் ஓர் ஆய்வுக்குழுவுக்கு நிரல் எழுதுகிறேன். யார், எப்போது, எங்கே வேலை பார்ப்பது என்ற அட்டவணையைக் கணினியே போட வைப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. இந்த ஆஸ்பத்திரியிலும் எங்கள் நிரல்தான் ஓடுகிறது. அதில் இரண்டே சங்கதி. மீறவே கூடாதவை ஒரு பக்கம்: இரவு முழுக்க விழித்த நர்ஸை மறுநாள் காலையில் கூப்பிடக்கூடாது. முடிந்தால் நிறைவேற்ற வேண்டியவை மறுபக்கம்: அவரவர் ஆசைகள். கணினி சீட்டைக் கலைப்பது போல அட்டவணையைக் கலைத்துக் கலைத்துப் போட்டு, எதில் ஆசைகள் குறைவாக உடைகின்றனவோ அதை எடுத்துக் கொடுக்கும். இதை எந்தக் கல்லூரியிலும் நான் படிக்கவில்லை. காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளி ஆபீஸில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தபோது, ஜூன் மாதம் வந்தால் டைம்டேபிள் என் தலையில்தான் விழும். தப்பும் தவறுமாகப் போட்டு, திட்டு வாங்கி, இணையத்தில் தேடித் தேடிக் கற்றுக்கொண்டதுதான் இன்றைக்குச் சோறு போடுகிறது.

அந்தப் பள்ளியில் கல்லலிலிருந்து ரயிலில் வரும் அறிவியல் டீச்சர் ஒருவர் இருந்தார். “எனக்கு எந்தப் பீரியடுன்னாலும் போடுங்க தம்பி” என்பார். நான் தலையாட்டிவிட்டு, டீ வரும்போது மெல்ல ஆரம்பிப்பேன். “காலையில ரயிலு நேரத்துக்கு வருதா டீச்சர்?” “வரும்… சில நாளு வராது.” “வராத அன்னிக்கு ஓடி வருவீகளோ?” “ஓடித்தான் வாறேன், என்ன பண்றது.” அவ்வளவுதான். முதல் பீரியட் அவருக்குக் கிடையாது. அவர் கேட்கவும் இல்லை, நான் கொடுத்ததாகச் சொல்லவும் இல்லை. பக்கத்திலிருந்த கணக்கு சார்தான், “டேய், டீச்சருக்கு மட்டும் டீயோட பிஸ்கட்டும் போகுதுடா” என்று குத்திக் காட்டுவார். அவருக்கும் அடுத்த ஆண்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். நம் ஊரில் அட்டவணை போடுவது பாதி கணக்கு. மீதி, திரும்பக் கேட்பது.

மலர் சாக்கோட்டைப் பக்கத்துப் பெண். ஊரில் முழு நர்ஸ். இங்கே மொழித்தேர்வில் தேறும்வரை உதவியாள் வேலைதான். தேறாவிட்டால் நர்ஸ் பதவியும் இல்லை, விசாவும் நீளாது. அந்தத் தேர்வுக்கான வகுப்பு செவ்வாயும் வியாழனும் மாலையில். அவளுக்கோ எப்போது பார்த்தாலும் மாலை ஷிப்ட். ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. மற்றவர்கள் வேண்டாம் என்ற வேளைகளையெல்லாம் எகால் என்றவர்கள் தலையில் கட்டும்படிதான் உலகம் முழுக்க இந்த நிரல்கள் எழுதப்படுகின்றன. ஆசை சொல்லாதவருக்கு எதைக் கொடுத்தாலும் கணக்கில் நஷ்டமில்லை. “அடைக்காத படல்ல ஊரு மாடெல்லாம் நொழையத்தான் செய்யும்” என்றாள் என் மனைவி சிவகாமி. மேலதிகாரியிடம் சொல்லேன் என்றதற்கு மலர், “வேணாண்ணே, வந்த புதுசுலயே வாயத் தொறந்தா என்ன நெனப்பாக?” என்றாள். ஊர்க்காரி என்று நானே நிரலுக்குள் கைவைத்தால் அதற்குப் பெயர் அட்டவணை இல்லை, சிபாரிசு.

அதனால் எங்கள் குழுத்தலைவி ஹைகேயிடம் பொதுவாகப் பேச்செடுத்தேன். “எகால் என்று சொல்கிற சிலர் அதை அந்தப் பொருளில் சொல்வதில்லை” என்றேன். “அப்படியானால் பொய் சொல்கிறார்களா?” “இல்லை. முதல் தடவை சொல்கிறார்கள்.” அவர் புரியாமல் பார்த்தார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் பழமொழியை எடுத்துவிட்டேன். “சரிதானே? அழாத பிள்ளைக்குப் பசிக்கவில்லை என்றுதானே நான் நினைப்பேன்?” என்றார் ஹைகே, வெகு நியாயமாக. அவரை வாதத்தால் வெல்ல முடியாது. ஆனால் பணியாரத்தால் முடியும் என்று எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரையும் மலரையும் வீட்டுக்குக் கூப்பிட்டோம். வெள்ளைப் பணியாரம், மிளகாய்த் துவையல். மலரின் தட்டு காலியானதும் சிவகாமி கரண்டியோடு வந்தாள்.

“இன்னும் ரெண்டு வைக்கவா மலரு?”

“ஐயோ, வேணா மதினி. வயிறு ரொம்பிருச்சு.”

“ஒண்ணாச்சும்?”

“போதும் மதினி, நெசமாத்தான்.”

“ஆறிப்போனா உங்கண்ணன் கூடத் திங்க மாட்டாக. பிடி இங்குட்டு.”

மூன்று விழுந்தன. மலர் மூன்றையும் துவையல் மிச்சமில்லாமல் தின்றாள். ஹைகே முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “அவர் இரண்டு முறை வேண்டாம் என்றார். உங்கள் மனைவி அதை மீறிவிட்டார்” என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி. “மீறவில்லை, மூன்றாவது பதிலுக்காக நின்றாள்” என்றேன். உடனே ஹைகே மலரிடமே திரும்பி, பசித்ததா என்று கேட்டார். “கொஞ்சம்” என்றாள் மலர். பிறகு ஏன் வேண்டாம் என்றாய்? மலர் ஜெர்மனில் சொல் தேடித் தோற்று என்னைப் பார்த்தாள். “ஒடனே கைய நீட்டுனா பறக்காவெட்டின்னு நெனப்பாகள்ல. சொல்லுங்கண்ணே.” நான் மொழிபெயர்த்தேன். ஹைகே சிரிக்கவில்லை. “அப்படியானால் ஆஸ்பத்திரியில் நீயும் எகால் என்றுதான் போடுகிறாயா?” என்றார். மலர் தட்டைப் பார்த்தாள். “பணியாரத்துக்கு மட்டுந்தான் வாயத் தொறப்பியாக்கும்? சொல்லுடி” என்றாள் சிவகாமி. செவ்வாயும் வியாழனும் அப்போதுதான் மெல்ல வெளியே வந்தன.

ஹைகே அப்போதும் ஜெர்மன்காரர்தான். ஒருத்திக்காக விதியை வளைக்க மாட்டேன் என்றார். எல்லோருக்குமாக மாற்றலாம் என்றும் அவரே சொன்னார். உட்கார்ந்து மாற்றினோம். இப்போது எகால் என்று அழுத்தினால், கணினி அதோடு விட்டுவிடாது. இரண்டு மாதிரி வாரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதுவா, அதுவா என்று கேட்கும். அப்போதும் எகால் என்றால் வேறு இரண்டைக் காட்டி இன்னொரு தடவை கேட்கும். என்ன வேண்டும் என்று கேட்டால் வாய் திறக்காதவர்கள்கூட, இதுவா அதுவா என்றால் விரலை நீட்டிவிடுவார்கள். என் டீச்சரின் ரயில் கற்றுக்கொடுத்த வித்தை இது. முதலில் வார்டுக்கு ஒருவரிடம் மட்டும் வெள்ளோட்டம் விட்டதில், மலரின் வார்டில் மூத்தவரான பெட்ரா மட்டும் கோபித்துக்கொண்டார். “நான்தான் சொல்லிவிட்டேனே, என்னைச் சந்தேகப்படுகிறீர்களா?” என்று எழுதியிருந்தார். அவர் பங்குக்கு அதுவும் சரி. என்னைக் கேட்டால், ஒரு இயந்திரம் இரண்டு தேசத்து மரியாதையையும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். நாம் தெரிந்துகொள்ளவில்லையா?

மாற்றியபின் வருகிற முதல் அட்டவணை இது. அதைப் பார்க்கத்தான் கேன்டீனுக்கு வந்திருந்தேன். மிச்சமிருக்கறதப் போடச் சொல்லுங்க என்ற மலர், சொன்ன கையோடு எகாலை அழுத்தினாள். இரண்டு வாரங்கள் வந்தன. மறுபடி எகால். “இது என்னண்ணே, மதினி கரண்டியோட வந்து நிக்கிற மாதிரி நிக்கிது” என்று சிரித்தாள். மூன்றாவது கேள்வியாக வந்த ஜோடியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஒன்றில் செவ்வாயும் வியாழனும் மாலை முழுக்க அவள் பெயர். மற்றதில் அந்த இடத்தில் பெட்ராவின் பெயர். அவள் போனை மேசைக்கு அடியில் கொண்டுபோய், யாரும் பார்க்கிறார்களா என்று அங்குட்டும் இங்குட்டும் பார்த்துவிட்டு, பெட்ராவின் பெயர் இருந்த வாரத்தைத் தொட்டாள். தொட்டவள் எழுந்துவிட்டாள்.

ஜன்னலோர மேசையில் பெட்ரா சூப் குடித்துக்கொண்டிருந்தார். செவ்வாய், வியாழன் மாலை உங்களுக்கு வந்தால் சங்கடமில்லையே என்று மலர் தன் ஜெர்மனில் கேட்டாள். “எகால்” என்றார் பெட்ரா, கரண்டியை நிறுத்தாமல். “நிஜமாகவா?” “எகால் என்றேனே.” பெட்ரா சூப்புக்குத் திரும்பினார். மலர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள், மூன்றாவது தடவை கேட்க.