கை எட்டாத இடம்

நாலு வருடம் இருக்கும். தை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஏற்காட்டிலிருந்து மாரமங்கலம் போகும் வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் மூட்டை சுமந்துகொண்டிருந்தேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு எந்த இடத்திலும் ஒரு வருடம் முழுசாக இருந்ததில்லை. லாரியில் கிளீனர், ஈரோட்டில் சாயப்பட்டறை, நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை, சேலத்தில் ஒரு ஓட்டலில் மாவு பிசைகிற வேலை. யாரும் துரத்தவில்லை, எனக்கே கால் தரிக்காது. ஏற்காட்டுக்கு வந்ததும் அப்படித்தான். அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பழம் எடுக்க ஆள் வேண்டும் என்று சொல்லி ஒரு ஜீப்பில் நாலைந்து பேரை ஏற்றினார்கள். நானும் ஏறிக்கொண்டேன்.

தங்குவதற்கு, வேலையாட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஒரு அறை கிடைத்தது. பக்கத்து அறைகளில் எல்லாம் வடக்கேயிருந்து வந்த குடும்பங்கள். அவர்கள் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவர்களுக்குப் புரியாது. பார்த்தால் சிரித்துக்கொள்வோம். அதற்கு மேல் நானும் போனதில்லை.

பெண்கள் பறித்துப் போடும் காப்பிப் பழத்தை மூட்டை கட்டிச் சரிவிலிருந்து மேலே ரோட்டுக்கு ஏற்ற வேண்டும். அன்று பனி விழுந்து மண் வழுக்கியது. ஒரு மூட்டையைத் தோளுக்குத் தூக்கும்போது கால் சறுக்கிவிட்டது. மூட்டையைக் கீழே விட்டிருக்கலாம். பழம் சிதறினால் பேச்சு கேட்க வேண்டுமே என்று உடம்பைத் திருப்பிப் பிடித்துவிட்டேன். தோள்பட்டைக்குக் கீழே, முதுகெலும்பை ஒட்டி, உள்ளுக்குள் துணி கிழிந்த மாதிரி இருந்தது. பொழுது சாயும் வரை அதோடு வேலை செய்தேன். மறுநாள் பாயை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

வேலை பிரித்துக் கொடுக்கும் ரைட்டர் வந்து வாசலில் நின்று பார்த்தார். கெட்டவர் இல்லை. இரண்டு நாள் படுக்கச் சொன்னார். சீசன் முடியப் போகிறது, வேலை செய்யாத ஆளுக்கு அறை எதற்கு என்று மேலே கேட்பார்கள் என்பதையும் சொல்லிவிட்டுப் போனார். முதுகு சரியாகவில்லை என்றால் வேலையும் இல்லை, இருக்க இடமும் இல்லை. எனக்கு விற்பதற்கு இந்த முதுகைத் தவிர வேறு சரக்கு கிடையாது.

நான் செய்த முதல் தப்பு, சூடு வைத்தது. ஒத்தடம் கொடுக்க ஆள் இல்லையே என்று ஒரு செங்கல்லை அடுப்பில் காயவைத்து, துணியில் சுற்றி, அதன்மேல் மல்லாந்து படுத்தேன். அந்த நேரத்துக்கு இதமாக இருந்தது. மறுநாள் வீக்கம் இன்னும் ஏறியிருந்தது, தோலும் எரிந்தது. இரண்டாவது தப்பு, அசையாமல் படுத்தே கிடந்தது. அசைந்தால் வலிக்கிறது, அதனால் அசையவில்லை. நாலு நாள் ஓடியது.

லைன் வீட்டில் காலை எட்டு மணிக்கு மேல் ஒரு சத்தமும் இருக்காது. எல்லோரும் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். வளைவில் பஸ் ஹாரன் அடிப்பது பகலில் இரண்டு மூன்று தடவை கேட்கும். மற்றபடி தகரத்தில் பனி சொட்டுகிற சத்தம்தான். பக்கத்து அறைப் பெண் இரண்டு ரொட்டியை ஒரு தட்டில் வைத்து வாசலுக்குள் தள்ளிவிட்டுப் போவார். தட்டை எடுக்க நான் தவழ்ந்து போவதை யாரும் பார்க்காதது நல்லது என்று அப்போது நினைத்தேன்.

மிளகு பறிக்க வந்த ஒருவர்தான் அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னார். கீழே அரை மணி நடந்தால் ஒரு ஊர், அங்கே கால் பிறந்த அம்மா ஒருவர் இருக்கிறார் என்றார். தலைக்குப் பதில் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் பக்கமும் சொல்வார்கள். மூன்று மிதி, அவ்வளவுதான், மறுநாள் மூட்டை தூக்கலாம் என்றார். போகும்போது திரும்பிப் பார்த்து, "காத்தால நேரத்துல போவாதீங்க. பத்து மணிக்கு மேல போங்க" என்றார். ஏன் என்று நான் கேட்பதற்குள் படி இறங்கிவிட்டார்.

அரை மணி வழியை ஒன்றரை மணி நேரம் குச்சி ஊன்றி நடந்தேன். ரோட்டுக்குக் கீழே ஓட்டு வீடு, சுற்றிலும் வாழையும் மிளகுக் கொடியும். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். களத்தில் காப்பிக் கொட்டையைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். கணவர் மினி லாரியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போயிருந்தார். நான் படி இறங்கிய தினுசைப் பார்த்தே, "மூட்டையாங்க தம்பி?" என்று கேட்டார்.

ஒரு சாக்கை விரித்துக் குப்புறப் படுக்கச் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்காகக் காத்திருந்தேன். பாதம் வந்து முதுகில் லேசாக உட்கார்ந்தது. கொஞ்சம் தள்ளி மறுபடி உட்கார்ந்தது. பிறகு எடுத்துக்கொண்டார்.

"இதென்னங்க, அனலாக் கொதிக்குது. தோலெல்லாம் வேற வெந்திருக்குது. செங்கல்லு வச்சீங்களா?"

ஆமாம் என்றேன்.

"நான் மிதிக்கமாட்டனுங்க. உள்ளாற வீங்கியிருக்குது. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறேன், மூன்று மிதிதானே என்றேன். முன்பு ஒரு தடவை இப்படி வீங்கி வந்தவரை ஊரார் பேச்சைக் கேட்டு மிதித்துவிட்டாராம். அந்த மனிதரைக் கட்டிலோடு தூக்கி ஜீப்பில் கொண்டுபோனார்களாம். அதிலிருந்து, தொட்டுப் பார்த்துச் சூடு இருந்தால் காலை எடுத்துவிடுகிறாராம். "வாரவங்களையெல்லாம் மிதிச்சா, எனக்கும் மாட்டுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்று சொல்லிவிட்டு, பஸ் வருகிற நேரம் என்று என்னை எழுப்பி ரோடு வரைக்கும் கூடவே வந்து ஏற்றிவிட்டார்.

ஏற்காடு ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைத் தூக்கச் சொன்னார், கால் மரத்துப் போகிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று விசாரித்தார். எலும்புக்கும் நரம்புக்கும் ஒன்றும் இல்லை, தசையில்தான் வீக்கம் என்றார். முதல் இரண்டு நாள் சூடே ஆகாதாம், ஈரத்துணி போட்டுக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டுமாம். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும். ஜெல்லை அழுத்தித் தேய்க்காமல் சும்மா பரப்பி விட வேண்டும். யாரையும் மிதிக்கவோ இழுத்துவிடவோ விடக்கூடாது. மூன்று வாரம் பாரம் தூக்கக்கூடாது. இவ்வளவுக்கும் நடுவில் எனக்கு அதிசயமாக இருந்தது, படுத்துக் கிடக்காதே, தினமும் மெதுவாக நட என்று அவர் சொன்னதுதான்.

மருந்தை எடுத்துக் கொடுத்த நர்ஸ், ஜெல் டியூபைக் கையில் வைத்தபடி கேட்டார்: "இது கை எட்டாத இடமுங்க. ஊட்டுல தேச்சுவிட ஆள் இருக்காங்கல்ல?"

"இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் அதோடு விட்டுவிட்டார். யார் என்று கேட்டிருந்தால் சொல்ல ஒரு உறவு என் வாயில் தயாராக இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் முதுகைவிட அந்தப் பொய்தான் அதிகம் உறுத்தியது.

அன்று சாயங்காலம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு முயற்சி பண்ணினேன். கைக்கு எட்டவில்லை, வளைத்தால் உயிர் போயிற்று. கரண்டிக் காம்பில் தடவிப் பார்த்தேன். பிளாஸ்டிக் கவரில் பிதுக்கி அதன்மேல் படுத்துப் பார்த்தேன். கடைசியில் சுவரில் பூசி முதுகைத் தேய்த்தேன். சுவருக்குத்தான் வைத்தியம் நடந்தது.

டாக்டர் நடக்கச் சொன்னாரே என்று இரண்டு நாள் கழித்து ரோட்டில் நடந்தேன். கால் தானாக அந்த வீட்டுப் பக்கம் போனது. அந்த அம்மா என் சட்டையின் முதுகில் வெள்ளையாகக் காய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "சட்டைக்குங்களா முதுகு வலி?" என்று கேட்டார். சிரிப்பு வந்தது. சிரித்தால் முதுகு வலித்தது. அந்த நேரத்தில் ஏனோ, நர்ஸிடம் சொன்ன பொய்யையும் சொல்லிவிட்டேன்.

அவர் கொட்டையைக் கிளறிக்கொண்டே களத்தின் அந்தக் கோடிவரை போனார். திரும்பி வந்து சாக்கை விரித்தார். குழாயில் காலைக் கழுவித் துடைத்துக்கொண்டு, டியூபைக் கேட்டு வாங்கி உள்ளங்காலில் பிதுக்கிக்கொண்டார்.

"கையால தேச்சா நாளைக்கு ஊரே பேசுமுங்க. காலால தேச்சா வைத்தியமுன்னு போயிரும். படுங்க."

அழுத்தக்கூடாது என்று சொன்னார்கள் என்றேன்.

"தெரியுதுங்க. நேத்து வச்ச நாத்துக்குள்ள நடக்கறாப்பல நடக்கறன்."

வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலால் பரப்பிவிட்டார். ஜெல் சில்லென்று இருந்தது. வெடிப்பு விழுந்த பாதம். ஆனாலும் கனமே தெரியவில்லை. முடி வெட்டுகிறவரைத் தவிர வேறு மனிதர் யாராவது என்னைத் தொட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. சாக்கில் காப்பித் தோல் வாசம் அடித்தது. எழுந்திருங்க என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் முகத்தை எடுக்காமல் கிடந்தேன். வலிக்காக இல்லை.

அடுத்த இரண்டு வாரமும் இதுதான். மெதுவாக நடந்து போவேன், அவர் காலால் மருந்து போடுவார், மெதுவாக நடந்து திரும்புவேன். டாக்டர் சொன்ன நடையும் ஆயிற்று, மருந்தும் ஆயிற்று. வலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சீசன் முடியும் வரை இருந்துகொள் என்று ரைட்டரும் எஸ்டேட் களத்தில் கொட்டை கிளறுகிற வேலைக்கு விட்டார். ஆஸ்பத்திரி மருந்துதான் கேட்டது என்று எஸ்டேட்டில் எல்லோரிடமும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை, கால் பிறந்த அம்மா மிதித்துச் சரியாகிவிட்டது என்றே பேசிக்கொண்டார்கள். அதை அந்த அம்மாவிடம் சொன்னால் அவருக்கு எரிச்சல் வரும்.

காலையில் ஏன் வரக்கூடாது என்று ஒரு நாள் அவரிடமே கேட்டேன். கொட்டையில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

"நான் பொறந்த அன்னிக்கே எங்கம்மா செத்துப்போயிருச்சுங்க. அதனால என் காலு மருந்து, மூஞ்சி ஆகாது. நல்ல காரியத்துக்குப் போறவங்க நான் தாண்டற வரைக்கும் ஊட்டுக்குள்ளயே நிப்பாங்க. முதுகு புடிச்சா மட்டும் அவங்களே வந்து குப்புறப் படுத்துக்குவாங்க. குப்புறப் படுத்தா மூஞ்சியப் பாக்க வேண்டியதில்ல பாருங்க."

நானும் உட்கார்ந்து கல் பொறுக்கினேன். அவரே சிரித்தார். "எங்கூட்டுக்காரரு அஞ்சு மணிக்கு என் மூஞ்சில முழிச்சுத்தான் வண்டி எடுக்கறாரு. இன்னைக்கு வரைக்கும் ஒரு டயரு பஞ்சர் ஆனதில்லீங்க."

மாசிக் கடைசியில் சீசன் முடிந்தது. நடக்க, குனிய முடிந்தது, ஆனால் மூட்டை தூக்க எனக்குப் பயம் வந்துவிட்டது. அறையைக் காலி பண்ணச் சொன்ன ரைட்டரே, அடிவாரத்தில் ஒரு நர்சரியில் நாற்றுக்குத் தண்ணீர் விட ஆள் கேட்கிறார்கள், காலை எட்டு மணிக்குள் போய்ப் பார் என்றார். அது கிடைக்கவில்லை என்றால் போக எனக்கு இடம் இல்லை. அன்று சாயங்காலம் நடக்கப் போனபோது அந்த அம்மாவிடமும் அதைச் சொன்னேன்.

மறுநாள் விடியும்போதே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எஸ்டேட் வாசலிலேயே பஸ் ஏறியிருக்கலாம். துண்டைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, தரையை மட்டும் பார்த்துக் கீழே நடந்தேன். பால்காரர் வண்டியை நிறுத்தி ஏதோ கேட்டார். நிமிராமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனேன்.

அந்த வீட்டு வாசலில் நின்று, "அக்கா" என்று கூப்பிட்டேன். கதவு திறந்தது. என்னையும் பையையும் பார்த்ததும் அவர் சட்டென்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

"வேலை கேக்கப் போற ஆளு, இந்நேரத்துல இங்க ஏனுங்க வந்தீங்க? அந்தப் பக்கம் திரும்பிப் போங்க தம்பி."

"அதுக்குத்தானுங்க்கா வந்தேன். இன்னும் யாரு மூஞ்சியும் பாக்கல."

பிறகு வெளியே வந்தார். முந்தானையை இழுத்துச் சரிபண்ணிக்கொண்டு, வெளிச்சம் விழுகிற படியில், போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றார். நான் நன்றாகப் பார்த்தேன். இத்தனை நாள் வந்து போயும் நானும் பாதி நேரம் குப்புறத்தான் கிடந்திருக்கிறேன். மூக்கின் பக்கத்தில் ஒரு மச்சம் இருந்ததை அன்றுதான் கண்டேன்.

மேலே வளைவில் ஹாரன் கேட்டது. "பஸ்ஸு வந்துருச்சு. ஓடாதீங்க, முதுகு" என்றார்.

வேலை கிடைத்தது. இப்போதும் அதே நர்சரியில்தான் இருக்கிறேன். என் ஆயுசில் நான் ஒரு வருடத்துக்கு மேல் இருந்த முதல் இடம் இதுதான். மண் மூட்டையை முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டித்தான் தூக்குகிறேன், திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்புகிறேன். பனிக்காலத்தில் மட்டும் பழைய இடம் லேசாகப் பிடிக்கும். அறையில் இப்போதும் நான் ஒருத்தன்தான். மலைக்குப் போய் அவரைப் பார்த்தது இரண்டு தடவைக்கு மேல் இருக்காது. ஆனால் காலையில் வாழைத்தார் ஏற்றிய ஒரு மினி லாரி மலையிலிருந்து இறங்கி எங்கள் வாசலைத் தாண்டும்போது ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போகும். அந்தச் சத்தம் கேட்கிற நாளில், அன்றைக்கு நர்ஸிடம் "இருக்காங்க" என்று நான் சொன்னது முழுப் பொய் என்று தோன்றுவதில்லை.