பக்கிரி வீட்டுப் பீங்கான்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான்; பொறுத்துக்கொள்ளுங்கள். பழம்பொருள் கடை வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் அது எப்படி, இது எப்படி என்று கேட்கிறார்கள். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

1. கழுவுதல்

கும்பகோணத்தில் எங்கள் கடையில் சேர்ந்த முதல் நாள் முதலாளி என் கையைப் பார்த்தார். "வளையல், மோதிரம் எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டு வாம்மா" என்றார். வளையல் பட்டு விளிம்பு தெறித்தால் அதற்கு 'சிப்' என்று பெயர். சிப் விழுந்த தட்டை, வாங்க வருகிற எந்தப் பார்ட்டியும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் பழைய துண்டை மடித்துப் போட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் ஷாம்பூ போதும். ஒரு நேரத்தில் ஒரு சாமான்தான். கழுவும் முன் விரல் முட்டியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். நல்ல பீங்கான் மணி போல் கேட்கும். சத்தம் அடைத்த மாதிரி வந்தால் எங்கேயோ 'ஹேர்லைன்', அதாவது மயிரிழை விரிசல், இருக்கிறது. தங்கக் கோடு போட்டிருந்தால் தேய்க்கவே கூடாது.

என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். அதனால் சாமானோடு வைக்கிற அட்டை எழுதும் வேலையும் எனக்கு வந்து சேர்ந்தது. எந்த வீட்டிலிருந்து வந்தது, யார் புழங்கியது என்று அட்டையில் இருக்கும். தொழிலில் இதை 'ஹிஸ்டரி' என்போம். ஹிஸ்டரி இருந்தால்தான் பார்ட்டி நின்று பேசுவார்.

2. தேடுதல்

சாமான் தேடிப் போகும்போதும் முதலாளி என்னைக் கூட்டிப் போவார். ஆண்பிள்ளையைக் கூடத்தோடு நிறுத்திவிடுவார்கள்; பெண் என்றால் அடுப்படி வரை விடுவார்கள். ஆனால் பீங்கானுக்கு அடுப்படியில் வேலையில்லை. நம் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் அதை உள்ளே சேர்த்ததில்லை. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் வந்தால் சாப்பாடு போட வாங்குவார்கள். துரை சாப்பிட்டுப் போனதும் எச்சில் பட்டது என்று மாட்டுக்கொட்டகைப் பரணில் போட்டுவிடுவார்கள். நீங்களும் முதலில் கொட்டகையைப் பற்றிக் கேளுங்கள்.

அப்படிக் கேட்டுத்தான் ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு மிராசுதார் வீட்டுக்குப் போனோம். நடவு முடிந்த சமயம். வீட்டில் இப்போது இருப்பவர் மிராசுதாரின் பேரன், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொட்டகையை இடித்துக் கார் நிறுத்த இடமாக்கியிருந்தார்.

"மூடி போட்ட பெரிய பாத்திரம் ஒண்ணு இருந்துச்சுங்க. நீலப் பூ போட்டது. தாத்தா காலத்துலயே பக்கிரிகிட்ட தூக்கிக் குடுத்துட்டாங்க. கொட்டாய் வேல பாத்த ஆளு, இப்ப இல்ல. மகன் கலியமூர்த்தி கீழத்தெருவுல இருக்கான். எங்க வீட்டு சாமான்னு சொல்லுங்க, குடுத்துடுவான்."

முதலாளி கீழத்தெருவுக்குப் போய் அதையே சொன்னார். "பெரிய வீட்டுலேர்ந்து வர்றோம்ப்பா. அவங்க சாமான் ஒண்ணு உன்கிட்ட இருக்காமே."

கலியமூர்த்தி சொந்த வயலில் களை பார்த்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அவங்க சாமான் எதுவும் இங்க இல்லீங்களே" என்றார்.

'அவங்க சாமான்' என்று சொன்னதுதான் நாங்கள் செய்த தப்பு. அவர் மனைவி தனம்தான், "வெயில்ல வந்திருக்காங்க, உக்காரச் சொல்லுங்க" என்று தண்ணீர் கொண்டுவந்தார். "நீங்க வேணா உள்ள வந்து பாருங்க" என்று என்னைக் கூட்டிப் போனார்.

சாமி படங்களுக்குப் பக்கத்தில் துணி விரித்து அந்தப் பாத்திரத்தை வைத்திருந்தார்கள். மூடியை எடுத்தேன். தட்டிப் பார்த்தேன். மணிச் சத்தம். ஒரு சிப் இல்லை. அவ்வளவு முழுசான ஒன்றை நான் அதுவரை தொட்டதில்லை.

"எங்க தெருவுல எந்தக் கல்யாணம்னாலும் மாப்ள விருந்துக்குக் கொழம்பு இதுலதான்" என்றார் தனம். "எரவல் வாங்கிட்டுப் போவாங்க. எங்க மாமனாரும் கூடவே போயிடுவாரு. பரிமாறி முடிக்கிற வரைக்கும் நகரமாட்டாரு. தொல்ல தாங்காம அவருக்கும் ஒரு எலயப் போட்டுடுவாங்க."

"இப்ப யாரும் கேக்கறதில்லையாக்கா?"

"இப்பல்லாம் கேட்டரிங். பேரப்புள்ளைங்க வந்தா இதக் காவல் காக்கவே எனக்குச் சரியா இருக்கு. நல்ல எடத்துக்குப் போனா போகட்டும்னு நானும் சொல்றேன்."

தனம் வெளியே வந்து, கொடுத்துவிடலாம் என்று சொன்ன பிறகு கலியமூர்த்தி முகம் கொஞ்சம் இளகியது. விலையில் தகராறு வரவில்லை. ஆனால் ஒன்று கேட்டார். "வாங்குறவங்ககிட்ட யாரு வீட்டு சாமான்னு சொல்லுவீங்க?"

"மிராசுதார் வீட்டுதுன்னு அட்ட வப்போம். அது வழக்கம்" என்றார் முதலாளி.

"அப்ப வேணாங்க."

"கோவப்படாதீங்க. அங்கேர்ந்து வந்ததுதானே? பக்கிரிங்கிற பேருக்கு எவன் வாங்குவான்?"

"அவங்ககிட்ட அது சாணி நாத்தத்துல கெடந்துச்சு. எங்கப்பா எடுத்தாந்து சாமி பக்கத்துல வச்சாரு. அவரு பேரு எழுதுங்க. எழுதினத நான் படிச்சுப் பாக்கணும். அப்புறம் எடுத்துக்கிட்டுப் போங்க."

3. அட்டை

முதலாளி என்னை வேலியோரம் கூட்டிப் போனார். "ரெண்டா எழுது. ஒண்ணு இவருக்குக் காட்ட. இன்னொண்ணு பாண்டிச்சேரி பார்ட்டிக்கு. மிராசு வீட்டு சாமானாத்தான் வேணும்னு அவர் சொல்லியிருக்காரு."

கார் மேல் அட்டையை வைத்து எழுதினேன். 'பக்கிரி வீட்டுப் பாத்திரம். வேலை பார்த்த வீட்டில் கொட்டகையில் கிடந்ததைக் கொண்டுவந்து பாதுகாத்தார். கீழத்தெருக் கல்யாணங்களில் மாப்பிள்ளை விருந்துக்குப் புழங்கியது.'

கலியமூர்த்தி உதடு அசைய மெதுவாகப் படித்தார். "முன்னாடி ஒரு 'திரு' போடலாமா?" என்றார். போட்டேன். இன்னொரு தடவை படித்துவிட்டு, அவரே பாத்திரத்தைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தார்.

கார் கிளம்பியதும் முதலாளி கையை நீட்டினார். "இன்னொண்ணு எங்க?"

"எழுதலீங்க."

"கடைக்குப் போய் எழுதுவியா?"

"முடியாதுங்க. அவரு படிச்சுப் பாத்துட்டுதானே குடுத்தாரு."

முதலாளியிடம் நான் 'முடியாது' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பாத்திரம் ஆடாமல் இருக்க மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தஞ்சாவூர் தாண்டியதும் அவர் கேட்டார்.

"இத வேணாம்னுட்டா அந்தப் பார்ட்டி நம்ம கடப் பக்கமே வரமாட்டார், தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"அப்ப நானே எழுதிக்கறேன்."

கடைக்கு வந்ததும் பாத்திரத்தை மேசை மேல் வைத்து, நான் எழுதிய அட்டையைப் பக்கத்தில் வைத்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன். ஒரு சாமான் எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போது, அதை உடையாமல் வைத்திருந்தது யார் என்றும் கேளுங்கள். அந்தப் பேரை அட்டையில் எழுதுங்கள். கூச்சமாக இருந்தாலும் எழுதுங்கள்.

மறுநாள் காலை பாண்டிச்சேரிக்காரர் வந்தார். பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அட்டையை எடுத்துப் படித்தார். மேசை மேல் ஒரே ஒரு அட்டைதான் இருந்தது, நான் எழுதியது.

"திரு. பக்கிரின்னா யாரு?" என்று கேட்டார்.

"பாத்திரத்த வச்சிருந்த வீட்டுக்காரர்" என்றார் முதலாளி.

விலை பேசி முடிந்ததும் நான் பாத்திரத்தைக் கட்டி அவர் வண்டியில் ஏற்றினேன்.