இரண்டு விரல் அகலக் கண்ணாடி

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பூதக்கண்ணாடியைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோகும்போது லேப் சார் மூச்சை அடக்கிக்கொள்வார். மேலிருந்து கீழாக ஒரு முறை பார்ப்பார். கீழிருந்து மேலாக இன்னொரு முறை. "முழுசா இருக்கு" என்று முணுமுணுத்த பிறகுதான் மூச்சு வெளியே வரும். பக்கத்தில் தையல் மிஷினுக்கு நூல் கோத்துக்கொண்டிருக்கும் தங்கை, "நீ மூச்சு விட்டா ஒண்ணும் உடையாதுண்ணா" என்பார். "உனக்குத் தெரியாது பாப்பா. நீ தை. மெதுவாத் தை." பாப்பாவுக்கு வயது நாற்பத்தெட்டு.

அண்ணன் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். ஓய்வு பெற்று ஐந்து வருடமாகியும் எங்கள் தெருவுக்கு அவர் லேப் சார்தான். நான் எதிர்வீடு. என் ஜன்னலைத் திறந்தால் அவருடைய மாடி அறை நேராகத் தெரியும்.

போன மழையில் அந்த மாடிச் சுவரிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து தெருவில் விழுந்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. ஆனால் யாரோ புகார் எழுதிப் போட்டுவிட்டார்கள். நகராட்சிக் கட்டட ஆய்வாளர் வந்து பார்த்தார். ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை உட்பக்கம் ஒரு விரிசல் இறங்கியிருந்தது. இரண்டு விரல் அகலக் கண்ணாடித் துண்டு ஒன்றை அதன் குறுக்கே வைத்து, இரு முனையிலும் சிமெண்ட் அப்பி, தேதியும் எழுதினார். "முப்பது நாள் பாருங்க. முழுசா இருந்தா விரிசலை அடைச்சுப் பூசிக்கலாம். உடைஞ்சா சுவர் இன்னும் நகருதுன்னு அர்த்தம். மாடியைக் காலி பண்ணணும், எனக்கும் உடனே சொல்லணும்." சொல்லிவிட்டு ஒரு நோட்டீஸையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த நோட்டீஸை லேப் சார் நாலாக மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். தெருவில் என்னைப் பார்த்தால் போதும், எடுத்துப் பிரித்துவிடுவார். "'மேற்படி கட்டடத்தின் உரிமையாளர்'னு போட்டிருக்கான் சார். படிச்சாலே போலீஸ் தேடுற மாதிரி இருக்கு."

வேறு ஒருவராக இருந்தால் இவ்வளவு பதற மாட்டார். இவர் பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற மனிதர். அதோடு அந்த மாடி சும்மா கட்டிய மாடி இல்லை. தங்கை தனியாளாகி அண்ணன் வீட்டுக்கு வந்த இரண்டாம் மாதமே, அண்ணிக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. "ரெண்டு பேரும் தங்கமானவங்க சார். ஒரே அடுப்படியில நிக்க விட்டாத்தான் ஆகாது" என்பார் லேப் சார். அதனால் அவசர அவசரமாக மேலே ஓர் அறையும் சின்னச் சமையலறையும் எழுப்பினார். தங்கை பள்ளிச் சீருடை தைத்து அங்கேயே தன் சோற்றைத் தானே பார்த்துக்கொள்கிறார். மாடி போனால் தங்கை வேறு எங்காவது வாடகைக்குப் போய்விடுவார். கீழே மட்டும் வரமாட்டார். லேப் சாரின் பயம் இதுதான்.

ஆகவே வீட்டில் சட்டம் கடுமையாகிவிட்டது. மாடிக் கதவுகளின் விளிம்பில் பழைய துணி ஒட்டியாயிற்று. மிஷினின் நான்கு கால்களுக்கும் கீழே சாக்கு மடித்துப் போட்டாயிற்று. கீழே மிக்ஸி ஓடினால்கூட, "ஒரேயடியா ஓட்டாதே, விட்டு விட்டு ஓட்டு" என்று குரல் வரும். "கண்ணாடிக்கு ஒரு கும்பிடும் போட்டுட்டு வந்துடுங்க" என்பார் மனைவி. ஒருநாள் குப்பை வண்டியின் முன்னால் கையை விரித்து நின்றுகொண்டு, "மெதுவாப் போப்பா, வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல" என்று ஓட்டுநரிடம் கெஞ்சினார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"லேப் சார், கண்ணாடியைக் காப்பாத்தி என்ன பண்றது? சுவர்ல இல்ல கோளாறு?" என்று கேட்டேன்.

சட்டைப் பையிலிருந்த நோட்டீஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "மேஸ்திரி அன்னிக்கே சொன்னான் சார். கீழ்ச் சுவர் தாங்காது, தூண் போட்டுட்டு மேல ஏத்தலாம்னான். நான்தான் பொறுக்கல. வீட்டுல தினமும் சண்டை. மேல தூக்கிடுப்பான்னேன்." அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இருபத்திரண்டாவது நாள் காலை. மாடி ஜன்னலிலிருந்து கையை மட்டும் நீட்டி என்னைக் கூப்பிட்டார். போனேன். தங்கை எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தைத்துக்கொண்டிருந்தார். லேப் சார் விரலை நீட்டினார். கண்ணாடியின் நடுவில் தலைமுடி போல ஒரு கோடு. மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புவரை ஓடியிருந்தது.

பிறகு நான் செய்தது எனக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் செய்தேன். "இதே மாதிரி ஒரு துண்டை ஒட்டி, தேதியை எழுதிட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்று அவர் காதில் சொன்னேன். அமிலத்தை வாயால் உறிஞ்சப் போன மாணவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். செல்போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவைதான் ஆய்வாளரைப் பிடித்தார்.

"சார், கண்ணாடி உடைஞ்சிடுச்சு... ஆமா சார், இன்னிக்குத்தான்... சரிங்க சார். இன்னிக்கே காலி பண்ணிடறோம்."

மிஷின் நின்றது. தங்கை திரும்பவில்லை. "யார் காலி பண்றது? எனக்கு இன்னும் நாப்பது சட்டை பாக்கி இருக்கு. கீழ வந்து அண்ணிகிட்ட வாங்கிக் கட்டிக்க என்னால முடியாது. விழுந்தா என் தலையில விழட்டும். நீ போண்ணா."

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. முன்னைவிட வேகமாக.

எப்படியும் கெஞ்சுவார், இல்லை என்றால் கத்துவார் என்று நினைத்தேன். லேப் சார் இரண்டும் செய்யவில்லை. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மெல்லப் பின்னால் நகர்ந்து, சரியாக விரிசல் இறங்குகிற இடத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். "சரி பாப்பா, தைச்சு முடி. நானும் இருக்கேன்" என்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

தங்கை இப்போது திரும்பிப் பார்த்தார். "அண்ணா, அங்கேருந்து எந்திரி" என்றார். லேப் சார் இடவலமாகத் தலையை ஆட்டினார். "அண்ணா!" பாதி தைத்த சட்டையை உருவி எடுத்துவிட்டு, தங்கை மிஷினின் தலையை மேஜையிலிருந்து கழற்றி, கீழே கொண்டுபோகத் தூக்குகிற சத்தம் கேட்கும்வரை லேப் சார் கண்ணைத் திறக்கவே இல்லை.