ஆற்றில் ஓடிய ஊர்வல வண்டி

வைரக்கண்ணுவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனது அவருடைய வண்டிதான். இந்த மாசியில், எண்பத்தொன்பதாவது வயதில். வாசலில் வந்து நின்ற அமரர் ஊர்தியை மகள் திருப்பி அனுப்பினாள். கொட்டகையில் கிடந்த பழைய ராணுவ லாரிக்குப் புது பாட்டரி வைத்தாள். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினாள். இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு பதிவுப் புத்தகத்தை எடுத்து ஒரு தடவை படித்தாள். காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் மட்டும் என்று பச்சை மையில் இருந்தது. இறுதி ஊர்வலமும் ஊர்வலம்தான். விதிப்படி சரி.

அந்த விதி வந்த கதை பழையது.

வண்டி 1943-இல் செய்தது. உலகப் போருக்காகக் கப்பலில் வந்து இறங்கியது. நான்கு சக்கரமும் இழுக்கும். மூன்று டன் தாங்கும். வைரக்கண்ணு பதினைந்து வருடம் ராணுவத்தில் டிரைவராக இருந்தவர். அதில் நான்கு வருடம் ராஜஸ்தான் மணலில். 1970-இல் ஆலங்கரைக்குத் திரும்பும்போது ராணுவம் கழித்துக் கட்டிய வண்டிகளின் ஏலத்தில் இதை எடுத்தார். நெல் ஏற்றலாம், எரு அடிக்கலாம், பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

நினைப்பு பதிவு அலுவலகம் வரைக்கும்தான் வந்தது. அதிகாரி வண்டியை இரண்டு சுற்று சுற்றினார்.

"இதுக்கு பிரேக் டிரம் எங்கய்யா கிடைக்கும்?"

"கிடைக்காதுங்க. நானே கடைஞ்சு போட்டுக்குவேன்."

"நீ கடைஞ்சுக்குவே. லோடோட எவன் மேலயாவது ஏறினா நான்ல பதில் சொல்லணும்?"

அவர் கெட்டவர் இல்லை. வண்டியை உடைக்கச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பச்சை மையில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார்: 'பழம்பொருள் வாகனம். சாலையில் காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் மட்டும். சாலையில் சரக்கு ஏற்றிச் செல்லக் கூடாது.'

"சரக்கு ஏத்தாத லாரி எதுக்குங்க?"

"மியூசியத்துல யானை நிக்குதே, அது மரமா இழுக்குது? கொண்டு போய்யா."

ஆக, மூன்று டன் வண்டி கட்அவுட் தூக்கியது. கட்சி மாநாடு, தலைவர் பிறந்தநாள், வெற்றி விழா. வண்டியை அருவியாக, கோட்டையாக, உதயசூரியனாக அலங்கரித்தார்கள். கட்சி இரண்டாகப் பிரிந்த பிறகு இரண்டு தரப்புக்கும் அதே வண்டிதான். வைரக்கண்ணு துணியை மட்டும் மாற்றிக் கட்டினார். ஊரில் அதற்கு ஊர்வல வண்டி என்று பேராகிவிட்டது.

ஒரே ஒரு முறை எரு ஏற்றிப் போனார். அரை மைல்கூட இல்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் தியாகராசன் எதிரே வந்தார். புத்தகத்தில் நான்காவது வரி ஏறியது, இந்தத் தடவை சிவப்பு மையில்: 'மறுமுறை மீறினால் பதிவு ரத்து, வண்டி பறிமுதல்.'

அதற்குப் பிறகு அவர் வண்டியில் ஒரு கட்டு வைக்கோல்கூட வைத்ததில்லை.

1974 தை மாதம் ஆலங்கரையில் பதினான்கு குத்தகைக் குடும்பங்கள் மேல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. சென்னையில் உத்தியோகம் பார்த்த ராஜகோபாலனின் நிலம். அவருக்காக இங்கே எல்லாம் பார்த்தது ஏஜெண்டு சாரங்கபாணி. நிலத்தைக் காலி செய்து விற்க வேண்டும் என்பது ஏஜெண்டின் திட்டம். குத்தகை நெல்லைக் கொண்டுபோனால் வாங்க மாட்டார்; பிறகு, பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று கோர்ட்டில் மனுப் போடுவார். சுற்று வட்டாரமெங்கும் அப்போது அதுதான் நடப்பு. வயலில் கொடி, வரப்பில் போலீஸ்.

பதினான்கில் ஒன்று வைரக்கண்ணுவின் குடும்பம். மனைவி பொன்னுத்தாய் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாற்று நட்ட ஐந்து மா நிலம்.

கோர்ட்டு உத்தரவு எளிமையாக இருந்தது. நூற்றிருபது மூட்டை நெல். பெரியசாவடியில் உள்ள நிலக்காரரின் களஞ்சியத்தில், கோர்ட்டு அமீனா முன்னிலையில், குறித்த நாள் மாலை ஐந்து மணிக்குள் சேர்க்க வேண்டும். சேர்த்தால் குத்தகை நிலைக்கும். ஒரு மூட்டை குறைந்தாலும் பதினான்கு குடும்பமும் வெளியே.

முதலில் குறித்த நாள் தை பத்து. ஏஜெண்டு ஊரில் இல்லை என்று ஒரு வாய்தா வாங்கினார். களஞ்சியம் பழுதுபார்க்கிறோம் என்று இன்னொன்று. நாள் மாசி இருபதுக்குத் தள்ளிப் போயிற்று. அந்த இடைவெளியில் அவர் பெரியசாவடி லாரிக்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மாட்டு வண்டி வைத்திருந்தவர்களையும் பார்த்தார். மாசி பதினெட்டாம் தேதி ஆலங்கரைக்கு வண்டி அனுப்ப ஆளே இல்லை.

அன்று கடைத்தெருவில் ஏஜெண்டு வைரக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

"என்ன மிலிட்டரி, நெல்லு எப்ப வருது?"

"வரும்."

"உன் வண்டியிலயே ஏத்திக்கிட்டு வாயேன். இன்ஸ்பெக்டரை வரச் சொல்லியிருக்கேன். மாலை போட்டு வரவேற்போம்."

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வைரக்கண்ணு டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். இளையபெருமாள்தான் முதலில் பேசினான். பதினான்கு பேரில் அவன்தான் சின்னவன், கோபக்காரன்.

"ஏத்துவோம்ண்ணே. பிடிச்சா பிடிக்கட்டும்."

"முதல் நடையிலயே பிடிப்பான். நாப்பது மூட்டையோட வண்டி ஸ்டேஷன்ல நிக்கும். மிச்சம் எம்பது?"

"தலைச்சுமையா போவோம்."

"ஆறு மைல். எத்தனை பேரு, எத்தனை நடை? கணக்குப் போட்டுச் சொல்லு."

வைரக்கண்ணு பதிவுப் புத்தகத்தை எடுத்து விளக்கடியில் வைத்து வாய்விட்டுப் படித்தார். நான்கு வருடமாகப் படித்த வரிகள். சாலையில் காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் மட்டும். சாலையில் சரக்கு ஏற்றிச் செல்லக் கூடாது.

பொன்னுத்தாய் அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

"என்னங்க, ரெண்டு தடவை சாலையில, சாலையிலன்னு எழுதியிருக்காரே அந்த ஆபீசரு. ஆத்துல போனா?"

வைரக்கண்ணு அந்த வரிகளில் விரலை ஓட்டினார். அவள் தொடர்ந்தாள்.

"மேட்டூர் அடைச்சு மாசத்துக்கு மேல ஆச்சு. வெட்டாத்துல இப்ப கணுக்கால் நனையாது. களத்துக்குப் பின்னாடி இறங்கினா, களஞ்சியத்துக்குப் பின்னாடிதான் ஏறணும். நான் நடந்தே போயிருக்கேன்."

வைரக்கண்ணு புத்தகத்தை மூடினார். தை பத்தில் வெட்டாறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கே நெல் கேட்டிருந்தால் ஆறு பாதையே இல்லை. ஏஜெண்டு ஓடியாடி வாங்கிய இரண்டு வாய்தாதான் தண்ணீரை வடித்து மணலைக் காயவைத்திருந்தது.

"அந்தாளுக்கு ஒரு கும்பிடு போடணும்" என்றார். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் ஆற்றை நடந்து பார்த்தார். கையில் ஒரு கடப்பாரை. ஐம்பதடிக்கு ஒரு முறை மணலில் குத்திப் பார்த்து, மோசமான இடங்களில் நாணல் தட்டை நட்டு வைத்தார். நடுவழியில், ஆற்றுத் தண்ணீரைத் திறந்து மூடும் ரெகுலேட்டர் ஒன்று இருந்தது. ஷட்டர்களைத் தூக்கி வைத்து கிரீஸ் போட்டுக்கொண்டிருந்த மதகுக் காவலாள், லஸ்கர் பக்கிரியிடம் கேட்டார்.

"நாளைக்கும் தூக்கித்தானே இருக்கும்?"

"நாலு நாளைக்கு இப்படித்தான். ஏன், படகு விடப்போறியா?"

"லாரி."

பக்கிரி அவரை மேலும் கீழும் பார்த்தான். "உசரத்தை அளந்துட்டுப் போ. அப்புறம் அரசாங்கக் கதவை இடிச்சேன்னு என் தலைதான் உருளும்."

அளந்தார். மூட்டை இரண்டடுக்குக்கு மேல் போனால் இடிக்கும். இரண்டடுக்கு என்றால் முப்பது. நான்கு நடை.

மாசி இருபது. விடியும்போது வண்டி வெறுமையாகக் கரையைக் கடந்து ஆற்றில் இறங்கி நின்றது. கரையும் சாலைதான் என்பதால் மூட்டைகள் தலைச்சுமையாகவே கரையைத் தாண்டின. வைரக்கண்ணு டயர்களில் காற்றைப் பாதி இறக்கினார்.

"பஞ்சராயிடுச்சா?" என்றான் இளையபெருமாள்.

"ஒட்டகத்துக்குக் கால் எப்படி இருக்கும், பார்த்திருக்கியா?"

"இல்லண்ணே."

"அப்ப பேசாம ஏறு."

காற்று குறைந்த டயர் மணலில் அகலமாக உட்காரும், எடை பரவும், புதையாது. மகள் பொறியியல் படிக்கும்போது இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தாள். சதுர அங்குலத்துக்கு விழும் எடை ஏறக்குறையப் பாதியாகிறது. அவர் கணக்குப் போட்டதில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்த கைக்குத் தெரிந்திருந்தது.

முதல் நடை எட்டரைக்குப் பெரியசாவடி போயிற்று. ஊரின் தலைமாட்டில் ஆற்றுப் பாலம். பாலத்தின் மேல் ஏஜெண்டும் இன்ஸ்பெக்டரும் ஆலங்கரைச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சத்தம் காலுக்கடியிலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தபோது வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கம் வெளியே வந்துகொண்டிருந்தது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த இளையபெருமாள் கும்பிட்டான்.

களஞ்சியத்துக்குப் பின்னால் வண்டியை ஆற்றுக்குள்ளேயே நிறுத்தினார். கரைக்கும் களஞ்சியத்துக்கும் நடுவே நாற்பதடித் தெரு. அதில் ஆட்கள்தான் மூட்டை தூக்கிப் போனார்கள். அமீனா துரைராசு வாசலில் நாற்காலி போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது நடையும் தட்டாமல் போய்ச் சேர்ந்தது. மூன்றாவதில், ஊரைத் தாண்டுவதற்குள்ளேயே, யாரோ புதிதாக மணல் அள்ளிய பள்ளத்தில் பின் சக்கரம் இரண்டும் இறங்கின. அச்சு மணலைத் தொட்டது. மணி பன்னிரண்டே கால். மூட்டைகளை இறக்கினார்கள். அப்போதும் ஏறவில்லை. பொன்னுத்தாய் நான்கு பெண்களோடு ஊருக்குள் ஓடினாள். திரும்பி வரும்போது எல்லோர் தலையிலும் தென்னங்கீற்று.

"ஏது இவ்வளவு?"

"நம்ம மாட்டுக் கொட்டகைக் கூரை. மாடு ரெண்டு நாளைக்கு வானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கட்டும்."

கீற்றைச் சக்கரத்துக்கு முன்னே இரண்டு பட்டையாக விரித்தார்கள். வைரக்கண்ணு கிளட்சை மெல்ல விட்டார். வண்டி முனகிக்கொண்டே கீற்றில் ஏறியது. ஒரு மணி நேரம் போய்விட்டிருந்தது.

நான்காவது நடை கிளம்பும்போது மூன்றரை. ஆறு மைல், ஒன்றரை மணி நேரம். அவர் ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை.

வண்டி எப்படியும் கரையேறும் என்று அதுவரை பாலத்திலேயே காத்திருந்த இன்ஸ்பெக்டர் தியாகராசன் இந்த முறை களஞ்சியத்தின் பின்னால் ஆற்றில் இறங்கி, பூட்ஸில் மணலோடு நின்றிருந்தார். பக்கத்தில் ஏஜெண்டு. மணி நாலு ஐம்பது.

"புத்தகத்தை எடு."

வைரக்கண்ணு கொடுத்தார். பின்னால் மூட்டைகள் இறங்கத் தொடங்கிவிட்டன. இன்ஸ்பெக்டர் பச்சை மையைப் படித்தார். சிவப்பு மையைப் படித்தார். அது அவருடைய கையெழுத்து. பிறகு ஆற்றை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? வண்டியைப் பிடிங்க" என்றார் ஏஜெண்டு.

"எங்க வச்சுப் பிடிக்கிறது? சாலையில ஏத்தினான்னு எழுதணும். இது சாலையா?"

"நெல்லு ஏத்தியிருக்கானே!"

"ஏத்தியிருக்கான். ஆத்துல. நீங்க வேணா பொதுப்பணித் துறையில சொல்லிப் பாருங்க. அவங்க வர்றதுக்குள்ள ஆனியில தண்ணி வந்துடும்."

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதில் எதுவும் எழுதவில்லை.

நாலு ஐம்பத்தெட்டுக்கு அமீனா நூற்றிருபது என்று சொல்லி ரசீதில் கையெழுத்துப் போட்டார். ஏஜெண்டும் போட வேண்டியிருந்தது. அவர் பேனாவில் மை இல்லை. வைரக்கண்ணு தன் பேனாவைக் கொடுத்தார்.

பதினான்கு குடும்பமும் அங்கேதான் இருந்தது. சிலர் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பொன்னுத்தாய் ரசீதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வைரக்கண்ணு டயருக்குக் காற்றடித்தார். வெறும் வண்டியைக் கரையேற்றித் தெருவில் நிறுத்தினார்.

"ஏறுங்க எல்லாரும்."

"ஆத்து வழியா போகலையாண்ணே?"

"எதுக்கு? நாம திருட்டு வழியிலயா வந்தோம்?"

நாற்பது பேருக்கு மேல் ஏறினார்கள். வேடிக்கை பார்க்க வந்து களஞ்சியத்து வாசலில் நின்ற தவில்காரர் ஒருவரையும் யாரோ கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். கடைத்தெரு வழியாக, டீக்கடையைத் தாண்டி, மாட்டு வண்டி வேகத்தில் வண்டி போயிற்று. பாலத்தின் மேல் தியாகராசன் சைக்கிளை நிறுத்திக் கையைக் காட்டினார்.

"இது என்னய்யா?"

வைரக்கண்ணு தலையை வெளியே நீட்டினார்.

"ஊர்வலம்ங்க. புத்தகத்துல இருக்கு."

இன்ஸ்பெக்டர் சைக்கிளை ஓரமாக நகர்த்தி வழிவிட்டார்.