பதினொரு சென்ரிமீற்றர்

மோர்டனில் அண்ணையின் வீட்டு முன்றலில், பழைய கரவன் நின்ற இடத்தில் நின்ற புதிய கரவனுக்குப் பின்னால் குந்தியிருந்து, நீள டேப்பின் நுனியைத் தரையோடு அழுத்திப் பிடித்தபடி, "சரியோ தம்பி? விடட்டோ?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. நான் ஸ்டூலில் ஏறி நின்று, டேப்பைக் கரவனின் ஓரமாக ஒரு கை அகலத்துக்கு ஒரு தடவை விரலால் அழுத்திக்கொண்டு போனேன். மறுபக்கம் இறங்கி, தரையைத் தொட்ட இடத்தில் வாசித்தேன். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு சென்ரிமீற்றர். திரும்பவும் அளந்தேன். அதே எண். அதை அன்றைய டயரியில் எழுதி, கீழே கோடும் போட்டேன்.

அண்ணை எனக்குக் கூடப்பிறந்தவர் அல்லர். எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் எல்லோருக்கும் அவர் அண்ணைதான். மன்னாரில் பிறந்து, ஹொலண்டில் பதினேழு வருடம் பூங்கன்றுக் கண்ணாடிக் கூடங்களில் வேலை செய்து, பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்கு வந்தவர். கரவன், காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சில்லு வைத்த சிறு வீடு; அந்தப் பழக்கம் அங்கே தொற்றியது. ஜூலையில் மாதா யாத்திரைக்குப் போகும்போது நாங்களெல்லாம் காரில் சோற்றுப் பார்சலோடு போவோம். அவர் மட்டும் இரண்டு நாள் முன்னதாகவே கரவனை இழுத்துக்கொண்டு போய்ப் புல்வெளியில் நிறுத்திவிடுவார். பூசை முடிந்ததும் பங்கு முழுவதும் அவருடைய ஓனிங்குக்குள்தான் சாப்பாடு. ஓனிங் என்பது கரவனின் பக்கத்தில் கட்டுகிற துணி அறை. கரவனின் ஓரமாகப் போகும் அலுமினியத் தவாளிப்புக்குள் அதன் விளிம்பைச் செருகி இழுக்க வேண்டும். ஒரு பக்கத் தரையிலிருந்து எழும்பி, கூரையோரமாகப் போய், மறுபக்கத் தரைக்கு இறங்கும் மொத்த நீளம்தான் அதன் அளவு. அந்த அளவு பிழைத்தால் மற்ற எல்லாம் பிழைத்துவிடும்.

பழைய கரவனின் சுவருக்குள் மழைத்தண்ணீர் இறங்கி, தரைப் பலகை காலுக்குள் அமுங்கத் தொடங்கியதால் அதை விட்டுவிட்டு, கைமாறிய இன்னொன்றை வாங்கினார். இது நீளம் கூடியது. ஓனிங் மட்டும் பழையது. "நல்ல துணி. ஏன் எறிவான்? பிரிச்சு நடுவில ஒரு துண்டு போட்டா இன்னும் பத்துப் பேர் இருந்து சாப்பிடலாம்" என்றார்.

அவரிடம் ஏற்கெனவே ஓர் அளவு இருந்தது. கரவனை விற்றவரின் யார்ட்டில், சீமெந்துத் தரையில் அது நின்றபோதே, ஒரு நைலோன் கயிற்றை ஓரமாகப் பிடித்து இரு முனையிலும் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அந்தக் கயிற்றை நான் நடைபாதையில் நீட்டி டேப்பால் அளந்தேன். தொள்ளாயிரத்து எண்பத்தாறு. பதினொரு சென்ரிமீற்றர் வித்தியாசம்.

"இழுத்துப் பிடிச்சு முடிச்சுப் போட்டிருப்பியள் அண்ணை. பிறகு கயிறு சுருங்கியிருக்கும். டேப் சுருங்காது" என்றேன்.

"நான் இழுக்கேல்லைத் தம்பி. ஹொலண்டில நாலு ஓனிங் இப்பிடித்தான் அளந்து தைப்பிச்சனான். ஒண்டும் பிழைக்கேல்லை."

"அப்ப அதிர்ஷ்டம்."

அவர் சிரித்தார். நான் ஒரு மருத்துவமனையின் களஞ்சியத்தில் இருப்புப் பார்க்கிறவன். அதைச் சொல்லிப் பகிடி பண்ணுவது அவருக்குப் பிடிக்கும். "ஸ்டோர்காரன் சொன்னாப் பிறகு அப்பீல் இல்லை. உம்மட கணக்கையே குடும்" என்றார். குசினி யன்னலால் அக்கா, அவருடைய மனைவி, எட்டிப் பார்த்து, "நீங்கள் ரெண்டு பேரும் அளந்து முடிய இந்தக் கோடையும் முடிஞ்சிடும்" என்றார்.

சவுத்தாலில் கலியாணக் கூடாரங்கள் தைக்கும் ஒருவரிடம் அண்ணை ஓனிங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அளவைத் தொலைபேசியில் சொன்னவன் நான். தைத்தவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு என்றேன். கூரையைப் பிரித்து, நடுவில் சாம்பல் நிறத் துண்டொன்று போட்டுத் தைத்திருந்தார். தையல் நேர்த்தியானது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

யாத்திரைப் புல்வெளியில் கட்டியபோது கூரை இறுகவில்லை. கம்புகளை எவ்வளவு தள்ளி ஊன்றியும் அந்தச் சாம்பல் துண்டு தொட்டில் மாதிரித் தொய்ந்தது. அண்ணை அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். "புதுத் தையல். இருக்க இருக்கச் சரிவரும்" என்றேன் நான். பூசை நேரத்தில் மழை கொட்டியது. தொய்வுக்குள் தண்ணீர் தேங்கியது. நாங்கள் திரும்பி வந்து கோப்பைகளை எடுக்கும்போது நடுக்கம்பு வழுக்கியது. கூரை தண்ணீரோடு சோற்றுத் தட்டங்களின் மேல் இறங்கியது. அடுப்பில் இருந்த பருப்புச் சட்டி கவிழ்ந்து அக்காவின் வலது பாதத்தில் கொட்டியது.

அவரைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு நனைந்தபடி நின்றோம். அண்ணையின் மகன் ஓனிங்கின் தொங்கிய ஓரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான். "அப்பா, இதை யார் அளந்தது?"

அண்ணை என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டும் பார்வை அல்ல. நான் சொல்வேன் என்று காத்திருந்தார், அவ்வளவுதான்.

"அண்ணை கயிறால அளந்து வைச்சிருந்தவர்" என்றேன்.

அந்த வசனத்தில் பொய்யான சொல் ஒன்றுமில்லை. அதைப் பல வருடங்களாக எனக்குச் சொல்லிக்கொண்டேன். அண்ணை மறுக்கவில்லை. குனிந்து, புல்லில் கிடந்த கரண்டிகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

காரணம் எனக்கு மூன்றாம் நாள் தெரிந்தது. அக்காவைக் கட்டு மாற்றக் கூட்டிப்போயிருந்த நேரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எங்கள் பக்கத்து முன்றல்களெல்லாம் கல் பதித்தவை. மழைத்தண்ணீர் வீட்டுச் சுவரில் தேங்காதபடி தெருப்பக்கம் சரித்துத்தான் பதிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத சரிவு; இங்கே அது கரவனின் பெரிய சில்லுகளுக்கு அப்பால்தான் தொடங்கியது. கரவனோ அதன் மேல் முன்சில்லு உயர்த்தி மட்டமாக நின்றது. ஆகவே தெருப்பக்கத்தில் தரை தாழ்ந்திருந்தது. அந்தத் தாழ்வையும் சேர்த்துத்தான் நான் அளந்திருந்தேன். மட்டப்பலகையும் நூலும் வைத்துப் பார்த்தேன். பதினொன்று. கயிறு சுருங்கவில்லை. மட்டமான தரையில் அளந்தவர் அவர். நான் டேப்பின் கோடுகளைப் பார்த்தேனே தவிர, டேப் தொட்டுக்கொண்டிருந்த நிலத்தைப் பார்க்கவில்லை.

முப்பது வருடமாக டயரி எழுதுகிறேன். அரைக் கிலோ வெண்டிக்காய் வாங்கியதும் அதில் இருக்கும். சரிவைக் கண்ட அந்த மூன்றாம் நாளின் பக்கத்தில் "வெயில்" என்று மட்டும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவதென்று முடிவெடுத்திருந்தேன். கோயில் கார்ப் பார்க்கில் மகன் முந்திக்கொண்டான். "அங்கிள், அப்பா மறக்கத் தொடங்கிட்டார் எண்டு நினைக்கிறன். போன மாதம் கார்த் திறப்பைப் பிரிஜ்ஜுக்குள்ள வைச்சவர். இப்ப இந்த ஓனிங். அம்மான்ர காலைப் பாருங்கோ. இனி அவர் கரவனை இழுத்துக்கொண்டு மோட்டர்வேயில போறது சரியில்லை. நீங்க என்ன சொல்றீங்க?"

அந்த இடத்தில் ஒரு வசனம் போதும். அக்கா பத்தடி தள்ளி ஊன்றுகோலோடு நின்றார். அந்தக் காலைக் கண்டதும் என் வாய் வேறொன்றைச் சொன்னது. "வயசு போகுதுதானே, தம்பி."

அந்த மாதமே கரவனை விற்றார்கள். ஓனிங்கும் அதோடு போனது. பிறகு கார்த் திறப்பு மகனின் சட்டைப் பைக்குப் போனது. அண்ணை சண்டை பிடிக்கவில்லை. கோயில் மண்டபச் சுவரில் ஒரு புத்தகத் தட்டு அடிக்க அளவெடுக்கச் சொன்னபோது, கையை விரித்து, "என்னைக் கேக்காதேங்கோ, நான் அளந்தாப் பிழைக்கும். தம்பியைக் கூப்பிடுங்கோ" என்றார். அது பகிடி என்று எல்லோரும் சிரித்தார்கள். டேப்பைக் கொண்டுபோய் அளந்து கொடுத்தேன் நான்.

அவருக்கு மறதி உண்மையிலேயே வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. என்னால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்த மூன்று வருடமும் அவருடைய நினைவு தெளிவாக இருந்த வருடங்கள். மூன்று ஜூலைகள். அவற்றை அவர் வீட்டு சோபாவில் இருந்து கழித்தார்.

போன மாதம் சட்டனில் அவர் இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்குப் போனேன். மகனுக்கு முதல்நாளே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவன் "இப்ப ஏன் அங்கிள் சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டான். அவனும் அன்று வந்து, யன்னலோரம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். நான் அண்ணைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, சரிவு, டேப், தொலைபேசி, புல்வெளி என்று ஒழுங்காகச் சொன்னேன். "பிழை என்னுடையது அண்ணை. உங்கட கயிறு சரி."

அவர் முழுவதையும் கவனமாகக் கேட்டார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார். அழுகிற பிள்ளையைத் தேற்றுவது மாதிரி.

"விடும் தம்பி. நீர் நல்ல மனுசன், எனக்காகச் சொல்லுறீர். அது நான் விட்ட பிழை. நான்தான் கயிறை இழுத்துப் பிடிச்சனான்."

அன்று அவர் மகனின் பெயரை இரண்டு தடவை மாற்றிச் சொன்னார். அக்கா எங்கே என்று மூன்று தடவை கேட்டார். இதை மட்டும் தடுமாறாமல் சொன்னார்.