யசோதினியின் ஜப்பான்

யசோதினி மற்றவர்களுக்கு ஜப்பான் பயணம் போட்டுக் கொடுப்பவள். பதுளை நகரில் ஸரூக்கின் பயண அலுவலகத்தில் அவளுக்கு ஒரு மேசை இருந்தது. அவளிடம் வருகிறவர்கள் பல நாடுகளைப் பார்த்தவர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், டாக்டர்கள். அவர்களுக்கு ஓட்டம் ஆகாது. ஓர் ஊரில் சில நாளாவது தங்க வேண்டும். பெட்டிகள் அவர்களுக்கு முன்னால் விடுதிக்குப் போய்ச் சேர வேண்டும். தேநீர்ச் சடங்கில் மண்டியிட முடியாதவர்களுக்கு நாற்காலி வேண்டும். எல்லாவற்றையும் எழுதிக் கேட்டு வாங்கிவிடுவாள். அவள் ஜப்பானைப் பார்த்ததில்லை.

இந்த முறை பார்க்க இருந்தாள். பரமலிங்கமும் அவர் மனைவி யோகமலரும் நண்பர்களோடு கியோத்தோ போகிறார்கள். உதவிக்கு ஆள் கேட்டார்கள். ஸரூக் அவளைச் சொன்னான். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்தது.

வீடு நமுனுகுலப் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. கணவன் சுரேஸ் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். அடிப்பான். லயத்தில் இரண்டு காம்பராக்களுக்கு நடுவே உள்ள சுவர் கூரையைத் தொடுவதில்லை. ஒரு வீட்டில் அடி விழுந்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். கேட்டதும் டீவியின் சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். அது மரியாதை. காலையில் வீங்கிய முகத்தைப் பார்த்து, "குளவியா?" என்பார்கள். "குளவிதான்" என்று சொல்ல வேண்டும்.

பயணம் பற்றிப் பேசக் கணவரோடு அலுவலகத்துக்கு வந்த யோகமலருக்கு இந்த மரியாதை தெரியாது.

"என்ன பிள்ளை, கண் இப்பிடி வீங்கிக் கிடக்கு?"

"குளவிங்க டீச்சர்."

"மாசா மாசம் உன்னைத் தேடித்தான் வருதோ அந்தக் குளவி?"

பரமலிங்கம் மனைவியைப் பார்த்தார். "விடும். பிள்ளை, நீ அந்தச் சுடுதண்ணிக் குளிப்பைச் சொல்லு."

"பொதுத் தொட்டியில துணியில்லாமத்தான் எறங்கணும் சார். ஒங்களுக்கு ரூமுக்குள்ளயே தனித் தொட்டி கேட்டிருக்கேன்."

"நல்ல வேலை செய்தாய். ஜப்பான்காரர் தப்பிச்சினம்."

எல்லோரும் சிரித்தார்கள். யசோதினிக்குச் சிரித்தால் தாடை வலித்தது.

அன்று மாலை சுரேஸ் அவள் போனில் தொட்டியின் படத்தைப் பார்த்தான். ஆவி பறக்கும் தண்ணீர், கழுத்து வரை மூழ்கிய வெற்றுத் தோள்கள். அவள் அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊரே அம்மணமா குளிக்குது. இதுக்குத்தான் போறியா?"

"அது அந்த ஊர்க்காரங்களுக்குங்க. நான் கூட்டிப் போறது வயசான சாரும் டீச்சரும். அவங்களுக்கும் தனி ரூம்தான் கேட்டிருக்கேன்."

"தனி ரூமா? ஏன், நீயே முதுகு தேச்சு விடுறதுதானே?"

"நான் போறது வேலைக்கு."

முதல் அடியில் அவள் தலை கதவு நிலையில் மோதியது. விழுந்தவளின் வயிற்றில் மிதித்தான். தலைமயிரைப் பிடித்து அடுப்புக்கு இழுத்து வந்தான். சுவருக்கு அப்பால் மாடசாமி வீட்டு டீவி பெரிதானது. நாடகத்தில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். சுரேஸ் அவள் பையைக் கவிழ்த்தான். பாஸ்போர்ட்டை எடுத்து நெருப்பில் போட்டான்.

யசோதினி நெருப்புக்குள் கையை விட்டாள்.

அவன் அவள் முதுகில் உதைத்தான். பாஸ்போர்ட் வெளியே வந்து விழுந்தது; ஒரு பக்கம் சுருண்டு புகைந்தது. தோல் உரிந்த கையை அவள் பார்க்கவில்லை. மறு கையில் தேயிலை மரத்து விறகு ஒன்று அகப்பட்டது. கிழட்டு மரம், இரும்பாய்க் கனத்தது. வீசினாள். அவன் காலெலும்பு முறிவது அவளுக்குக் கேட்டது.

அவன் விழுந்து அலறினான். டீவி இன்னும் கொஞ்சம் பெரிதானது.

"வேணாம் யசோ."

அவன் எழும்பப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தே, அதே இடத்தில் மறுபடி அடித்தாள். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. அவன் அம்மாவைக் கூப்பிட்டான், மாடசாமியைக் கூப்பிட்டான், சாமியைக் கூப்பிட்டான். யாரும் வரவில்லை.

அவள் போய் மாடசாமியின் கதவைத் தட்டினாள்.

"ஐயோ, ரொம்ப அடிச்சுட்டானாம்மா?"

"நான் அடிச்சேன். அந்த டீவிய நிப்பாட்டிட்டு வாங்கண்ணே. தூக்கணும்."

மாடசாமி உள்ளே வந்து பார்த்துவிட்டு வாசலில் வாந்தி எடுத்தார். "நாங்க எப்பயும் போலன்னு நெனச்சோம்" என்றார்.

பொலிஸ் விசாரணைக்கு முன்னால், வெந்த கையோடு யசோதினி கிடந்த ஆஸ்பத்திரிக்கு யோகமலர் வந்து, அவள் கட்டிலருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்: "ஒரு அடி எண்டு சொல்லு பிள்ளை. உயிரைக் காப்பாத்த அடிச்சனான் எண்டு சொல்லு."

பொலிஸ்காரர் கேட்டபோது யசோதினி இரண்டு என்றாள். முதல் அடிக்குக் காரணம் சொன்னாள். இரண்டாவதற்குக் கேட்டார்.

"அடிக்கணும்னு இருந்திச்சுங்க."

பிணை கிடைத்தது. நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று நிபந்தனை. போக நினைத்தாலும் விசாப் பக்கம் கரியாகியிருந்தது. லயத்துக்கு அவள் திரும்பவில்லை. அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள அறையை ஸரூக்கின் தகப்பனார் புஹாரி ஒழித்துக் கொடுத்தார். வழக்கு நடக்கிறது. சுரேஸ் ஊன்றுகோலோடு வந்து கோர்ட்டு வாசலில் அவளைப் பார்த்துத் துப்பினான். அவள் சேலையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் இல்லாமலே அவர்கள் கியோத்தோ போனார்கள். போய்ச் சேர்ந்த அன்று யோகமலர் வீடியோவில் அழைத்தார். யசோதினி கட்டுப் போட்ட கையால் போனை மேசையில் சாய்த்து வைத்தாள்.

"பிள்ளை, சரியான வடிவு. வாசல் முத்தத்தில ஒரு மரம் நிக்குது, சிவப்பெண்டால் அப்பிடிச் சிவப்பு. பொறு, காட்டுறன்."

"மரம் வேணாங்க டீச்சர்."

யோகமலர் பாதி திருப்பிய போனைத் தன் முகத்துக்கே கொண்டு வந்தார்.

"கட்டிலக் காட்டுங்க."

போன் திரும்பியது. பாய் விரித்த அறை, தாள் கதவு, தாழ்வான ஒரு கட்டில்.

"நான் கேட்டத விடத் தாழ்வா போட்டிருக்காங்க. சாரோட இடுப்புக்கு ஆகாது. அவரை அதுல ஒக்கார விடாதீங்க. நான் இப்பயே பேசி மாத்தச் சொல்றேன்."