குரலில்லாமல் நடந்த ஆங்கில வகுப்பு

நெருக்கடி நிலை விலகியதற்கு அடுத்த ஆண்டு, 1978 ஜூனில், எங்கள் ஆம்பூர்ப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் முறை மாறியது. மற்ற ஊர்களுக்கு அது முன்பே வந்துவிட்டது, எங்களுக்குத் தாமதம். அதுவரை ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதி, அடியில் தமிழில் பொருள் எழுதுவார். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். புது முறையில் எல்லாம் வாய்வழி. ஆசிரியர் மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். வகுப்பு சேர்ந்து சொல்லும், பிறகு வரிசை வரிசையாக, பிறகு தனித்தனியாக. தமிழ் ஒரு சொல்லும் கூடாது. காதில் விழுந்ததை விழுந்தபடியே திருப்பிச் சொல்வதுதான் படிப்பு.

நான் வரலாற்று ஆசிரியர். என் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தவர் பாகாயத்துக்காரர், இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன். ஆகஸ்டில் அவர் குரல் கம்மியது. மிளகு, தேன் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். தீபாவளிக்குப் பிறகு வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது குரல்வளையில் புற்று என்றார்கள். உடனே அறுத்து எடுத்தால் பிழைக்கலாம், பேச்சு இருக்காது. பேச்சில்லாத ஆசிரியருக்கு வேலையும் இருக்காது. பென்ஷனுக்கு வேண்டிய சர்வீஸ் ஏப்ரலில்தான் நிறைவடைய இருந்தது.

"ஏப்ரல் வரைக்கும் தள்ளிப்போட்டுட்டேன் சார்" என்றார் என்னிடம்.

பழைய முறையிலேயே எழுதிப்போட்டு நடத்துகிறேன் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பார்த்தார்.

"சர்க்குலர் வந்துக்குது சார். ஆய்வுக்கு வர்றவரு வாய்ப்பயிற்சியத்தான் பாப்பாரு. நான் இன்னா பண்றது, சொல்லுங்க."

இருக்கிற மூச்சை வைத்து நடத்தினார். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து புஸ், புஸ்ஸென்று ஒரு சத்தம் மட்டும் வரும்.

"இன்னா சார், ஆறாங்கிளாஸ்ல பாம்பு கீம்பு வளக்கறீங்களா?" என்று உடற்பயிற்சி ஆசிரியர் கேட்டார். ஆங்கில ஆசிரியரும் சத்தமில்லாமல் சிரித்தார். அந்தப் புஸ் சத்தத்தில் பிள்ளைகளின் பங்கும் இருந்தது என்பது அப்போது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

ஜனவரியில் பொங்கல் கழிந்து ஆய்வு. தலைமை ஆசிரியருடன் நானும் போய்ச் சுவரோரம் நின்றேன். ஆய்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஆசிரியர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி வாயசைத்தார். வகுப்பு முழுவதும் கிசுகிசுத்தது: "திஸ் இஸ் எ புக்."

"லவுடர்!" என்றார் ஆய்வாளர்.

"லவுடர்" என்று வகுப்பு கிசுகிசுத்தது.

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்பவரின் மகள் ஒருத்தி முன்வரிசையில் இருந்தாள். ஆய்வாளர் அவளை எழுப்பினார்.

"இன்னாம்மா, எல்லாருக்கும் தொண்டை கட்டிக்கிச்சா?"

"இல்ல சார்!" கணீரென்று வந்தது பதில்.

"அப்புறம் ஏன் குசுகுசுன்னு சொல்றீங்க?"

"இங்கிலீஷ அப்டித்தான் சார் சொல்லணும். சத்தமா சொன்னா அது தமிழ் சார்."

யாரும் சிரிக்கவில்லை. ஆய்வாளர் ஆசிரியரைப் பார்த்து, "நீங்க ஒரு தடவை சொல்லுங்க" என்றார். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது, காற்றுதான் வந்தது.

ஆய்வாளர் கெட்டவரல்ல. வராந்தாவுக்கு அழைத்துப்போய், "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க சார். இத நான் எழுதாம இருக்க முடியாது" என்றார். பிப்ரவரி முடிவதற்குள் மருத்துவக் குழு அவரைப் பணிக்குத் தகுதியற்றவர் என்றது. சர்வீஸ் நிறையவில்லை.

அவர் இடத்துக்கு வந்த இளைஞருக்கு வெண்கலத் தொண்டை. கிசுகிசுத்த பிள்ளைகளின் விரல் முட்டியில் ஸ்கேலால் தட்டித் தட்டியே குரலை மேலேற்றினார். மார்ச்சில், ஏதோ தாள்களில் கையெழுத்து வாங்க எங்கள் பாகாயத்து நண்பர் பள்ளிக்கு வந்தார். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தார். ஆறாம் வகுப்பு கூரை அதிரக் கத்திக்கொண்டிருந்தது. அவர் நின்றுவிட்டார்.

"நம்ம பசங்களா சார்?"

அவர் வாயருகே காதைக் கொண்டுபோனால்தான் கேட்டது. ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ கத்த வேணாம்னு சொல்லுங்க சார். தொண்டை போய்டும்."

தாள்களை வாங்கிக்கொண்டு வேலூர் பஸ்ஸுக்குப் போனார். அந்த வாரமே அறுவை நடந்தது. அதற்குள் புற்று குரல்வளையைத் தாண்டிக் கழுத்தில் இறங்கிவிட்டிருந்தது.